பேஸை விக்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ டிரைவரை எடுங்க

"டோன் சரியில்லை" என்று புலம்பாத பேஸ் கிடார்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. கல்லூரி பேண்டில் வாசிக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிற அண்ணன், ஆடி மாசம் அம்மன் கோயில் மேடையில் மெல்லிசைக் கச்சேரி வாசிக்கிறவர், எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான். அதுக்கு அவங்க வச்சிருக்கிற மருந்தும் ஒண்ணுதான்: எதையாவது வாங்குறது. புது பிக்கப், புது பெடல், புது ஆம்ப். காசு இருந்தா புது பேஸ்.

என் கட்சி என்னன்னு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கிற பேஸை ஒரு தடவையாவது ஒழுங்காக 'செட்டப்' பண்ணிப் பார்க்காமல் அடுத்த சாமான் வாங்குவது வீண்செலவு. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. செட்டப் ஆகாத பேஸைக் கையில் கொடுத்துவிட்டு, புதிதாகக் கற்றுக்கொள்கிற பையனிடமோ பெண்ணிடமோ "உனக்கு விரல் வரலை" என்று சொல்வது அநியாயம். இதனாலேயே எத்தனை பேர் வாசிப்பதை விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

"பேஸா? கிடார்தானே அது, கம்பி ரெண்டு கம்மியா இருக்கும்" என்று சொல்கிற என் பி.காம். நண்பர்களுக்காக ஒரு பத்தி. (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.) பேஸ் கிடாரில் நாலு கம்பி. தடிமனிலிருந்து மெலிசு வரை ஈ, ஏ, டி, ஜி. சாதாரண கிடாரின் கடைசி நாலு கம்பிக்கு ஒரு ஸ்தாயி கீழே. அந்தத் தடித்த ஈ கம்பி விநாடிக்கு 41 தடவைதான் அதிரும். பாட்டில் டிரம்ஸையும் பாட்டின் ராகத்தையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு இந்தச் சத்தம்தான். போன் ஸ்பீக்கரில் இளையராஜா கேட்டுவிட்டு "இதில் பேஸ் எங்கே" என்று கேட்காதீர்கள். அந்தக் குட்டி ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது. ஒரு நல்ல ஹெட்போன் போட்டு எண்பதுகளின் ராஜா பாட்டு எதையாவது கேளுங்கள். பாடகர் ஒரு பாட்டுப் பாட, அடியில் சசிதரனின் பேஸ் இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். அப்படியே ரஹ்மான் பாடல்களுக்கு வந்து, கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் பேஸ் என்ற பேரே தெரியாமல் பேஸை ரசித்து வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லாரும்.

இந்த வாத்தியம் பிறந்த கதையிலேயே என் வாதம் இருக்கிறது. 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் ஒரு பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் ஆளுயர டபுள் பேஸ்தான். அதில் ஃப்ரெட் கிடையாது, விரலை எங்கே வைத்தால் சுரம் சரியாக விழும் என்பதைக் காதால் தேட வேண்டும். ஃபெண்டர் ஃப்ரெட் வைத்தார். விரல் வைத்த இடத்தில் சுரம் துல்லியமாக விழும் என்பதால்தான் அதற்கு 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர். அதாவது, துல்லியம் என்கிற வாக்குறுதியின் பேரில் விற்கப்பட்ட வாத்தியம் இது. அந்த வாக்குறுதி ஃபேக்டரியில் முடிந்துவிடுவதில்லை. நம்ம வீட்டில், நம்ம வெயிலில், நம்ம மழையில் அதைத் திரும்பத் திரும்பக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

ஏன்? பேஸின் கழுத்து (இனிமேல் நெக்) நீளமான மரச்சட்டம். நாலு கம்பியும் சேர்ந்து அதை 70 கிலோவுக்கு மேல் முன்பக்கம் இழுக்கின்றன. ராத்திரி பகல், நாம் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். ஒரு வளர்ந்த ஆளை அந்தச் சட்டத்தின் நுனியில் தொங்கவிட்ட மாதிரி. அது வளையாமல் என்ன செய்யும்? அதற்காகத்தான் நெக்குக்குள்ளே ஒரு இரும்புக் கம்பியைப் புதைத்து, எதிர்ப்பக்கம் இழுக்க வைத்திருக்கிறார்கள். பெயர் ட்ரஸ் ராட். கிப்ஸன் கம்பெனி ஊழியர் தாடியஸ் மெக்ஹ்யூ 1921-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆன யோசனை. ஆனாலும் இன்றைக்கும் நம்ம பசங்க பாதிப் பேர் அந்தச் சின்ன மூடியைக் கழற்றிப் பார்த்ததே இல்லை. "தொட்டா உடைஞ்சிடும்" என்று யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இதில் ஊர் வேறு சேர்ந்துகொள்கிறது. கடையின் ஏ.சி. அறையில் மாதக்கணக்கில் தொங்கிய பேஸ், அம்பத்தூரில் ஆஸ்பெஸ்டாஸ் மாடி அறைக்கு வருகிறது. மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் கிடக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சுவரே வியர்க்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்க பக்கத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே, அந்த ஈரத்தில் வீட்டுக் கதவு நிலையில் மாட்டிக்கொண்டு திறக்கவில்லை. கதவு மரம் உப்பும் என்றால் நெக் மரம் மட்டும் சும்மா இருக்குமா? எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் மாறும். ஆனால் நகரும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, வெயில் முற்றும்போது ஒன்று, மழை பிடித்தபிறகு ஒன்று, பேஸைப் பரிசோதிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வாத்தியத்துக்கு இருக்கிற வியாதி" என்று ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார். அப்படியா? கச்சேரி மேடையைக் கொஞ்சம் கவனியுங்கள். மிருதங்கக்காரர் கல்லையும் குச்சியையும் எடுத்து வாரை எத்தனை நேரம் தட்டிச் சுருதி சேர்க்கிறார்? தொப்பிப் பக்கம் ரவைப் பசையை அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் எடுத்து, மறுபடி தட்டி... அவர் அப்போது வாசிக்கவில்லை, செட்டப் பண்ணுகிறார். தம்புராவில் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு நூல் துண்டு இருக்கும், பெயர் ஜீவா. அதை ஒரு மயிரிழை முன்னே பின்னே நகர்த்தினால்தான் அந்த ரீங்காரம் திறக்கும். ஒரு பருத்தி நூலுக்கு 'உயிர்' என்று பேர் வைத்த ஊர் நம்ம ஊர்! வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கின்றன. நாளானால் மெழுகு பிசகும், திரும்ப மேளம் கட்ட வேண்டும். இவர்கள் யாரும் "நாதம் சரியில்லை, புது வீணை வாங்கலாம்" என்று ஓடுவதில்லை. நாதத்தை வாத்தியத்திடமிருந்து கேட்டு வாங்க வேண்டும் என்பது நமக்குப் பழைய பாடம். எலெக்ட்ரிக் என்ற ஒரு வார்த்தை முன்னால் சேர்ந்ததும் அதை மிக்ஸி, டி.வி. மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ஸ்விட்ச் போட்டால் ஓடணும், ஓடலைன்னா மாத்தணும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்கள் பேண்டில் ஒரு ஜூனியர் தம்பி. ஆவடிப் பக்கம். அவன் அப்பா சீட்டு எடுத்த காசில் வாங்கிக் கொடுத்த பேஸ். எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். ஆறே மாதத்தில் அதை ஆன்லைனில் விற்பதற்குப் போட்டோ எடுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டான். அவன் சொன்ன காரணங்கள் மூன்று. அரை மணி நேரம் வாசித்தால் விரல் நுனி புண்ணாகிறது. மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போனால் கீபோர்டோடு சேரவே இல்லை. ஈ கம்பி இடி மாதிரி இருக்கிறது, ஜி கம்பி காணாமல் போகிறது. "எனக்கு பேஸ் செட் ஆகாதுண்ணா" என்றான். அவனுக்கா செட் ஆகவில்லை?

என் மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். அவரிடம் ஃபீலர் கேஜ் கடன் கேட்டேன். (வண்டி மெக்கானிக் டேப்பெட் செட் பண்ணும்போது இடையில் விடுவாரே, விசிறி மாதிரி விரியும் மெல்லிய தகடுகள், அதுதான்.)

"எதுக்குடா மாப்ள?"

"கிடார் நெக் எவ்வளவு வளைஞ்சிருக்குன்னு பாக்கணும் மாமா."

"எத்தனை தௌ இருக்கணும்?"

"பன்னெண்டு."

"அவ்ளோதானா? இதுக்கா ஊர்ல ஆளே இல்லைன்னு டவுனுக்குத் தூக்கிட்டு ஓடுறீங்க?"

தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பட்டறைப் பேச்சு. மாமாவுக்கு பேஸும் தெரியாது, டோனும் தெரியாது. ஆனால் 12 தௌ தெரியும். அவர் கேள்வி எனக்கு மண்டையில் ஏறிவிட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கிடார் மட்டுமே சரி பார்க்கிற ஆட்கள் அரிது. நல்ல டெக்னீஷியனிடம் போகணும் என்றால் நாலு கிலோ பேஸை முதுகில் மாட்டி, பீக் அவரில் லோக்கல் டிரெயினில் இடிபட்டு, நகரத்துக்குள் போய்வர வேண்டும். ஆனால் அளவு பார்க்கத் தெரிந்த கைகளும் அதற்கான கருவிகளும் எங்க ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. சைக்கிள் செய்த ஊர், டாங்கி செய்கிற ஊர் இது. ஒரு நெக்கை நேராக்கவா முடியாது?

அந்தப் பேஸில் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம். ஒன்றை மாற்றினால் அடுத்தது மாறும், அதனால் பின்னாலிருந்து ஆரம்பித்தால் எல்லாவற்றையும் ரெண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

முதலில் கம்பி. சென்னை வியர்வையில் கம்பி சீக்கிரம் செத்துப்போகும். செத்த கம்பி சுருதியும் சேராது. புதுக் கம்பி போட்டு, நீங்கள் வழக்கமாக வாசிக்கிற சுருதிக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அளக்கவே ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாவது நெக்கின் வளைவு, அதாவது ரிலீஃப். நெக் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கக்கூடாது. கம்பி நடுவில்தான் அகலமாக அதிரும், அதற்கு இடம்விட்டு நெக் லேசாகக் குழிந்திருக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி, நெக் உடம்போடு சேர்கிற இடத்தில் ஈ கம்பியை அழுத்தினால் கம்பியே உங்களுக்கு ஸ்கேல் ஆகிவிடும். இப்போது ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அளக்க வேண்டும். 0.3 மி.மீ. இருந்தால் நல்ல ஆரம்பம். அதுதான் மாமாவிடம் சொன்ன 12 தௌ. ஃபீலர் கேஜ் இல்லையா? ஒரு விசிட்டிங் கார்டு உத்தேசமாக அந்தத் தடிமன் இருக்கும். தம்பியின் பேஸில் 1 மி.மீ. இருந்தது. மூணு மடங்கு! ட்ரஸ் ராட் நட்டை வலஞ்சுழியாக முடுக்கினால் நெக் நிமிரும், இடஞ்சுழியாகத் தளர்த்தினால் குழியும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. முடுக்கு, சுருதி சேர், அள. மரம் மெதுவாகத்தான் கேட்கும், அதனால் மறுநாள் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

மூன்றாவது ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சேடில், அதில் ரெண்டு குட்டி ஸ்க்ரூ. ஃபெண்டர் கம்பெனி தன் செட்டப் குறிப்பில் சொல்கிற அளவு, பரவலாக இருக்கிற நெக்குகளுக்கு, 17-வது ஃப்ரெட்டில் ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. ஆசாரி கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல், அந்தக் கணக்கில் ஈ பக்கம் சரியாக முக்கால் நூல். தம்பியின் பேஸில் 4 மி.மீ.க்கு மேல். ஒன்றேகால் நூல்! அவன் விரல் புண்ணானதில் என்ன ஆச்சரியம்? ஆறு மாதமாக அவன் வாசிக்கவில்லை, பளு தூக்கிக்கொண்டிருந்தான்.

நாலாவது இன்டொனேஷன். 12-வது ஃப்ரெட்டில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் விட்டு ஹார்மோனிக் எடுங்கள். அப்புறம் அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். ட்யூனரில் ரெண்டும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அழுத்தின சுரம் ஏறி நின்றால் சேடிலைப் பின்னால், நெக்கைவிட்டு விலக்கி நகர்த்துங்கள். இறங்கி நின்றால் முன்னால். கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுகிறது, இழுபட்டால் சுருதி ஏறும். ஆக்‌ஷன் உயரமாக இருந்தால் இழுவையும் அதிகம். தம்பிக்கு மேல் ஃப்ரெட்டில் கீபோர்டோடு சேராததன் காரணம் இதுதான். அவன் காது சரியாகத்தான் இருந்தது. சொல்லப்போனால், சேரவில்லை என்று கண்டுபிடித்ததே அந்தக் காதுதான்!

ஐந்தாவது பிக்கப் உயரம். காசு கேட்காத டோன் கன்ட்ரோல் இது, பெரும்பாலோர் தொடுவதே இல்லை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். கம்பிக்கு ரொம்பப் பக்கத்தில் போனால் சத்தம் கூடும், ஆனால் காந்தம் கம்பியையே பிடித்து இழுத்து, சுரம் நீடிக்காமல், மேல் ஃப்ரெட்டில் ஒரு நடுக்கம் வரும். ரொம்பத் தள்ளிப் போனால் சோகையாக ஒலிக்கும். கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு ஈ பக்கம் ஒரு நூல், ஜி பக்கம் முக்கால் நூல் என்று ஆரம்பிக்கலாம். பிறகு அளவை மறந்துவிட்டுக் காதை நம்புங்கள். நாலு கம்பியும் ஒரே பலத்தில் கேட்கும் வரை ஒரு பக்கம் ஏற்றி, ஒரு பக்கம் இறக்கி. தம்பியின் ஜி கம்பி இப்படித்தான் திரும்பி வந்தது. பிரிட்ஜ் பக்கம் இருக்கிற பிக்கப்பை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம், அங்கே கம்பியின் அதிர்வு குறைவு.

மொத்தம் ஒரு சாயங்காலமும் மறுநாள் கால் மணி நேரமும். செலவு ஒரு செட் கம்பி. தம்பி போட்டோக்களை அழித்துவிட்டான்.

இப்போது எதிர்க்கட்சி வாதங்கள்.

"டோன் விரலில் இருக்கு தம்பி, ஸ்க்ரூவில் இல்லை." இது சீனியர்கள் எல்லாரும் சொல்கிற வேதவாக்கு. பாதி உண்மை. விரலில்தான் இருக்கிறது, ஆனால் விரல் வேலை செய்ய கம்பி இடம் கொடுக்க வேண்டாமா? இன்னொன்று, இதை உதாரணத்தோடேயே பார்க்கலாம். மோட்டவுன் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பியும் உயரமான ஆக்‌ஷனும் வைத்திருந்தவர். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள். ஜாக்கோ பாஸ்டோரியஸ் நேர் எதிர். ஃப்ரெட் நீக்கிய 1962 ஜாஸ் பேஸ், ரவுண்ட்வவுண்ட் கம்பி, தாழ்ந்த ஆக்‌ஷன், பிரிட்ஜ் பிக்கப். ரெண்டு பேரின் பேஸையும் மாற்றிக் கொடுத்திருந்தால்? அவர்கள் அப்போதும் மேதைகளாகத்தான் இருந்திருப்பார்கள், ஆனால் நமக்குத் தெரிந்த அந்த ரெண்டு குரல்கள் கிடைத்திருக்காது. ரெண்டு பேர் கையிலும் அவரவர் விரலுக்கு ஒத்துப்போன வாத்தியம் இருந்தது. நான் மேலே கொடுத்த அளவுகளும் சட்டம் இல்லை, ஆரம்பப் புள்ளிதான். அழுத்தி வாசிக்கிறவர் ஆக்‌ஷனை ஏற்றிக்கொள்ளட்டும். ஆனால் உயரமான ஆக்‌ஷன் ஜேமர்சன் வைத்துக்கொண்டது, தம்பிக்கு அது கடையில் தலையில் கட்டப்பட்டது. வித்தியாசம் இருக்கிறதா இல்லையா?

"தெரியாமல் கைவைத்தால் கெட்டுப்போகும்." நியாயமான பயம். அதனால்தான் எல்லை போட்டுக்கொள்ள வேண்டும். ட்ரஸ் ராட் நட்டுக்குச் சரியான அளவு ஆலன் கீ இல்லாமல் தொடாதீர்கள், வாய் மழுங்கினால் பெரிய செலவு. முடுக்கும்போது இறுகி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். நட்டின் பள்ளங்களை அராவுவது, தேய்ந்த ஃப்ரெட்டைச் சமன் செய்வது, முறுக்கிக்கொண்ட நெக்கைச் சரிசெய்வது, இதெல்லாம் தொழில் தெரிந்தவர் வேலை. அவருக்குக் கொடுக்கிற காசு தகும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன், ஆபரேஷன் பண்ணச் சொல்லவில்லை.

"எல்லாம் பண்ணியாச்சு, இன்னும் 'ம்ம்ம்'னு இரையுது." அது செட்டப் இல்லை, கரன்ட். வீட்டிலோ பந்தல் மேடையிலோ எர்த் சரியாக இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வரும். தயவுசெய்து மூணாவது பின்னை உடைத்துவிட்டுச் சொருகாதீர்கள், எர்த் இல்லாத மேடையில் உயிரே போயிருக்கிறது. அதேபோல, பத்து வாட் கிடார் ஆம்ப்பில் பேஸைச் சொருகிவிட்டு "அடியே இல்லை" என்று பேஸைத் திட்டாதீர்கள். அந்த ஸ்பீக்கர் அதுக்கில்லை.

கடைசியாக, நான் படிக்கிற படிப்பிலிருந்து ஒரு வாதம். (பி.காம். எதுக்குத்தான் உதவும்னு கேட்கிற சொந்தக்காரர்கள் கவனிக்க.) ஒரு கம்பெனி மெஷின் வாங்குகிறது. மெஷின் விலை, அதைக் கொண்டுவந்த வண்டி வாடகை, அதைப் பொருத்தி ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்த செலவு, மூன்றையும் சேர்த்துத்தான் அந்தச் சொத்தின் மதிப்பாகக் கணக்கில் எழுதுவார்கள். ஏன்? ஓடாத மெஷின் இன்னும் சொத்து ஆகவில்லை, வெறும் இரும்பு. பேஸுக்கும் இதே கணக்குத்தான். செட்டப் என்பது வாங்கின பிறகு வருகிற உபரிச் செலவு இல்லை, விலையின் ஒரு பகுதி. வாங்குகிறவர் பட்ஜெட்டிலேயே அதற்கு இடம் வைக்க வேண்டும். இருபதாயிரம் கையில் இருந்தால் இருபதாயிரத்துக்கும் பேஸ் வாங்காதீர்கள். கொஞ்சம் குறைந்த பேஸ், ஒரு செட் நல்ல கம்பி, ஒரு செட்டப். இது இருபதாயிரத்துக்கு வாங்கி அப்படியே வாசிக்கிற பேஸைத் தோற்கடிக்கும்.

இது வாங்குகிறவர் பாடு மட்டும் இல்லை. விற்கிறவருக்கும் சொல்லிக்கொடுக்கிறவருக்கும் பங்கு இருக்கிறது. சைக்கிள் கடையில் பிரேக் செட் பண்ணாமல், ஹேண்டில் முறுக்காமல் ஒரு சைக்கிளை நம்மிடம் தள்ளுவார்களா? தள்ளினால் விடுவோமா? பேஸுக்கு மட்டும் ஏன் பெட்டியைப் பிரித்து அப்படியே பில் போட விடுகிறோம்? "செட்டப் பண்ணிக் கொடுங்க, முன்னாடியே நின்னு பாக்கறேன்" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கற்றுக்கொடுக்கிற மாஸ்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம். முதல் வகுப்பில் ஸ்கேல் சொல்லித்தருவதற்கு முன்னால் மாணவரின் பேஸை ஐந்து நிமிஷம் வாங்கிப் பாருங்கள். முதல் மாதத்துக்குள் ஒரு ஆலன் கீயை அவர் கையில் கொடுங்கள். சர்ச்சிலும் கல்லூரியிலும் பொது பேஸ் இருக்குமே, பத்துப் பேர் தொட்டு ஒருத்தரும் பார்க்காதது, அதற்கு வருஷம் ரெண்டு தடவை யாராவது ஒருத்தர் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். அதில்தான் பெரும்பாலான பேர் முதல்முதலாக பேஸைத் தொடுகிறார்கள். அந்த முதல் தொடுதலில் கம்பி கையைக் கடித்தால், அடுத்த தடவை அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

பேஸ் வாசிக்க வருகிறவர்களே கம்மி. எல்லாருக்கும் லீட் கிடாரும் மைக்கும்தான் வேண்டும். வருகிற ஒண்ணு ரெண்டு பேரையும் கால் சுற்று திருப்பாத ஒரு நட்டுக்காக இழக்கணுமா?

பி.கு.: செட்டப் ஆரம்பிக்கும் முன் இப்போதைய அளவுகளை ஒரு பேப்பரில் எழுதி, நெக்கையும் சேடில்களையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது குழம்பினால் பழைய இடத்துக்குத் திரும்பி வரலாம். அந்தப் பேப்பரைப் பேஸ் பையிலேயே போட்டு வையுங்கள், மழை முடிந்ததும் தேவைப்படும்.